ஹோம் ஸ்டூடியோவுக்கு அனலாக் மிக்ஸர்: 16 சேனல் போதுமா, பழைய பெரிய டெஸ்க் எடுக்கலாமா?

சதுரஅலை:

வணக்கம் எல்லாருக்கும். முழுக்க எலக்ட்ரானிக் செட்டப், மைக்கே கிடையாது. திரையைப் பார்க்காம கையாலேயே மிக்ஸ் பண்ணணும், டப் பாணியில, அதாவது மிக்ஸ் பண்ணிக்கிட்டே டிலேயை (எதிரொலிக் கருவி) வெச்சு விளையாடணும், அதே சமயம் ட்ராக் எல்லாம் தனித்தனியா ரெக்கார்ட் ஆகணும். இதுக்குத்தான் அனலாக் மிக்ஸர் தேடறேன்.

இப்ப இருக்கற அவுட்புட்கள்:

ரோலண்ட் டிஆர்-8எஸ் (ட்ரம் மெஷின்): மிக்ஸ் 2, தனி அவுட் 6
ஜூனோ-106 சிந்த்: 2
எஸ்எச்-101 சிந்த்: 1
303 க்ளோன் (பேஸ் சிந்த்): 1
டிஜிட்டல் சிந்த் ரெண்டு: 4
யூரோராக் மாடுலர் (மாட்யூல்களைச் சேர்த்துக் கட்டற சிந்த்): 2
டிலே, ரிவெர்ப் ரிட்டர்ன் (அதுங்கள்ல இருந்து திரும்பி வர்ற ஒலி): 4

ஆக மொத்தம் 22. ஆடியோ இன்டர்ஃபேஸ்ல 8 லைன் இன்புட் இருக்கு, ஏடாட் (ஒரே ஆப்டிக்கல் கேபிள்ல 8 சேனல் போற டிஜிட்டல் இணைப்பு) வழியா இன்னும் 8 சேர்க்கலாம்.

மூணு வழி தெரியுது. ஒண்ணு, மேக்கீ 1604 இல்லன்னா ஆலன் அண்ட் ஹீத் மிக்ஸ்விசார்ட் மாதிரி 16 சேனல். ரெண்டு, தொண்ணூறுகள்ல வந்த 24 சேனல், 8 பஸ் (பல சேனல் கூடிப் போற பாதை) இன்லைன் டெஸ்க் (ஒவ்வொரு சேனல்லயும் ரெக்கார்டிங் வழி, மானிட்டர் வழின்னு ரெண்டு இருக்கற மிக்ஸர்), பழசா. மூணு, சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 22 எம்டிகே, டாஸ்காம் மாடல் 24 மாதிரி யூஎஸ்பி மல்டிட்ராக் மிக்ஸர். எதுல போறது? 22 அவுட்புட்டுக்கு 16 சேனல் பத்தாதுன்னுதான் மனசு பெரிய டெஸ்க் பக்கமே சாயுது.

---

கம்பிச்சுருள்:

சேனலை எண்ணறதுக்கு முன்னாடி ஒண்ணு: பேர்ல இருக்கற எண்ணை அப்படியே நம்பாதீங்க. மேக்கீ 1402ன்னா 14 ஸ்ட்ரிப் (ஒரு சேனலோட நாப், ஃபேடர் வரிசை) கிடையாது. 6 மோனோ, 4 ஸ்டீரியோ, ஸ்டீரியோவை ரெண்டா எண்ணித்தான் 14. 1202-லயும் இதே கணக்கு, 4 மோனோவும் 4 ஸ்டீரியோவும். ஸ்டீரியோ ஸ்ட்ரிப்ல பெரும்பாலும் இன்சர்ட் (சேனல் நடுவுல வெளிக்கருவியைச் சேர்க்கற ஜாக்) இருக்காது, மிட் ஈக்யூவை நகர்த்த முடியாது, சிலதுல கெயின் நாபே கிடையாது, +4/−10 சுவிட்ச் மட்டும்தான். உங்களுக்கு வேலைக்கு ஆகறது முழு மோனோ ஸ்ட்ரிப். அதை மட்டும் எண்ணுங்க.

அடுத்து, உங்க 22-ஐ நான் ஏத்துக்க மாட்டேன். டிஆர்-8எஸ்-ல 11 ஒலி இருக்கு, அதுல எதை எந்த அவுட்டுக்கு அனுப்பறதுங்கறது உங்க கையில. கிக் தனி. ஸ்நேரும் க்ளாப்பும் ஒரே அவுட். ரெண்டு ஹை-ஹாட்டும் ஒரே அவுட். அதுங்களுக்கு ஒரே ஈக்யூ போதும், ஃபேடரும் ஒண்ணாத்தான் நகரும். மீதி எல்லாம் மிக்ஸ் அவுட்ல போகட்டும். எட்டு அஞ்சாச்சு. ஜூனோ 2 (கோரஸ்தான் அதோட உயிர், மோனோவாக்காதீங்க), 101-க்கு 1, 303-க்கு 1, மாடுலர் 2, டிஜிட்டல் 4. கூட்டினா 15. டிலே ரிட்டர்ன் மோனோவா 16-வது ஸ்ட்ரிப்ல வரட்டும். ரிவெர்ப் மட்டும் ஸ்டீரியோ ரிட்டர்ன்ல போகட்டும். 16 கச்சிதமா பொருந்துது.

டிலேயை ஏன் முழு ஸ்ட்ரிப்ல போடச் சொல்றேன்னா, டப் விளையாட்டு மொத்தமும் அங்கதான் இருக்கு. ஆக்ஸ் 1-ல இருந்து (ஆக்ஸ்னா சேனலோட ஒலியில ஒரு பங்கை எஃபெக்டுக்கு அனுப்பற வழி) டிலேக்குள்ள போகுது, டிலே வெளியே வந்து சேனல் 16. இப்ப சேனல் 16-ல இருக்கற ஆக்ஸ் 1 நாபைக் கொஞ்சம் திறந்தா எதிரொலி திரும்பவும் டிலேக்கே போகும். டிலே பெட்டியோட ஃபீட்பேக்கைப் பூஜ்யத்துல வெச்சுட்டு இந்த நாபையே ஃபீட்பேக்கா வெச்சுக்கலாம். சேனல் 16-ல 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டி, மேல ட்ரெபிளைக் கொஞ்சம் குறைச்சா ஒவ்வொரு சுத்துக்கும் எதிரொலி மங்கிக்கிட்டே போகும். மிட்டை ஏத்தினா அந்த அலைவரிசை மட்டும் வளர்ந்துக்கிட்டே வரும். சுத்தோட மொத்த கெயின் ஒண்ணைத் தாண்டின உடனே ஊளையிட ஆரம்பிக்கும். ஆக்ஸ் நாபைத் தொடறப்ப இன்னொரு கை 16-வது ஃபேடர்ல இருக்கணும். ஆக்ஸ் போஸ்ட்-ஃபேடரா (ஃபேடருக்குப் பின்னாடி எடுக்கறது) இருந்தாத்தான் அந்த ஃபேடர் சுத்தை நிறுத்தும், ப்ரீ-ஆ (ஃபேடருக்கு முன்னாடி எடுக்கறது) இருந்தா ஃபேடரை இறக்கினாலும் உள்ள சுத்திக்கிட்டேதான் இருக்கும். சாதாரண ஆக்ஸ் ரிட்டர்ன்ல இந்த வித்தை எதுவும் முடியாது, அங்க ஈக்யூவும் இல்ல, சென்டும் இல்ல.

ஆக்ஸ் எத்தனைன்னும் பாருங்க. டிலே, ரிவெர்ப், மூணாவதா ஒரு டிஸ்டார்ஷன் இல்ல ஃபேஸர்: குறைஞ்சது மூணு போஸ்ட்-ஃபேடர் ஆக்ஸ். ஒண்ணுல ப்ரீ/போஸ்ட் சுவிட்ச் இருந்தா ரொம்ப நல்லது, ப்ரீ-ல வெச்சு ஃபேடரை இறக்கிட்டா நேர் ஒலி மறைஞ்சு எதிரொலி மட்டும் நிக்கும்.

ரெக்கார்டிங்குக்கு டைரக்ட் அவுட், அதாவது ஒரு சேனலோட ஒலி மட்டும் தனியா வெளிய வர்ற ஜாக். மிக்ஸ்விசார்ட் 16:2-ல 16-க்கும் உண்டு. மேக்கீ 1604-ல எட்டுக்குத்தான். உங்க தேவைக்கு இந்த ஒரு வித்தியாசம் போதும் முடிவு பண்ண. ஒலி எப்படி, "வார்ம்த்" எப்படிங்கறதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

---

ஈயப்புகை:

பெரிய டெஸ்க் பற்றி மட்டும் சொல்கிறேன். வாங்கக் கூடாது என்பதல்ல. வாங்கும்போது கூடவே ஒரு வேலையையும் வாங்குகிறீர்கள்.

24 சேனல் இன்லைன் டெஸ்க்குக்கு மின்சப்ளை பெரும்பாலும் தனிப் பெட்டியாக வரும். ±15 முதல் ±18 வோல்ட் வரை இரண்டு ரெயில் (மின்வழி), ஃபேன்டமுக்கு (மைக்குக்கு டெஸ்க் தரும் மின்சாரம்) 48 வோல்ட், சிலவற்றில் எல்இடிக்கும் சுவிட்சுக்கும் தனி ரெயில். அந்தப் பெட்டி இல்லாமல் டெஸ்க் மட்டும் மலிவாகக் கிடைத்தால் அது மலிவல்ல. பெட்டி இருந்தால், அரை மணி நேரம் சூடான பிறகு மல்டிமீட்டரால் இரண்டு ரெயிலையும் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும். பிறகு மீட்டரை ஏசிக்கு மாற்றி அதே இடத்தில் வையுங்கள்; ரெகுலேட்டருக்குப் பின்னால் சில மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஃபில்டர் கபாசிட்டர் காய்ந்துவிட்டது, அல்லது ரெகுலேட்டர் திணறுகிறது. மின்சப்ளையைத் திறந்து பழகாதவர்கள் திறக்க வேண்டாம். அணைத்த பிறகும் பெரிய கபாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டருக்கு வயது உண்டு. சூட்டில் வருடக்கணக்காக இருந்தால் உள்ளே திரவம் வற்றி மதிப்பு குறையும், பேஸ் மெலியும், ஹம் கூடும். ஒரு ஸ்ட்ரிப்பில் 20 கபாசிட்டர் என்று வைத்தாலும் 24 ஸ்ட்ரிப்புக்கு 480. கழற்றி மாட்டுவது 960 கால்கள். பணத்தைவிட நேரம்தான் பெரிய செலவு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றப் போகாமல் முதலில் மின்சப்ளை, பிறகு மாஸ்டர் பகுதி, அதன் பிறகு குறை தெரிகிற ஸ்ட்ரிப் என்று போவதே சரி. ஆப்-ஆம்பை (ஒலியைப் பெருக்கும் சிப்) "நல்லதாக" மாற்றும் ஆசை வரும். டிஎல்072 இருந்த இடத்தில் வேகமான சிப்பைப் போட்டால், பக்கத்தில் டீகப்ளிங் கபாசிட்டர் சரியாக இல்லாத போர்டில் அது காதுக்குக் கேட்காத உயரத்தில் அலைய ஆரம்பிக்கும். தொட்டால் சிப் சுடும், ஒலி மணல் கலந்தது போலிருக்கும்.

நேரில் பார்க்கப் போகும்போது ஒரு போனில் 1 கிலோஹெர்ட்ஸ் சைன், ஒரு கேபிள், ஹெட்ஃபோன் போதும். ஒவ்வொரு ஸ்ட்ரிப்பிலும் அதைச் செருகி கெயின், ஈக்யூ, ஆக்ஸ், பேன் எல்லாவற்றையும் முழு வீச்சுக்குத் திருப்புங்கள். சைனில் கரகரப்பு ஒளிய முடியாது. திருப்பும்போது மட்டும் கரகரத்தால் தூசி, சுத்தம் செய்தால் போகும். ஒரே இடத்தில் ஒலி அறுந்து மீண்டும் வந்தால் கார்பன் தடம் தேய்ந்துவிட்டது, அந்தப் பொட்டென்ஷியோமீட்டரை மாற்றத்தான் வேண்டும். ஃபேடரில் கண்ட கண்ட ஸ்ப்ரேயை அடிக்காதீர்கள். கிரீஸைக் கரைத்துவிடும், பிறகு ஃபேடர் வறண்டு ஓடும். ஃபேடருக்கென்று விற்கும் மசகு கலந்த க்ளீனர் தனி.

சில ஸ்ட்ரிப்புகளில் ஒலி மெலிந்து, உடைந்து, வந்து வந்து போகும். விற்பவர் "சேனல் போயிடுச்சு" என்பார். இன்சர்ட் ஜாக்கில் ஒரு பிளக்கைப் பத்து முறை செருகி எடுங்கள். அந்த ஜாக்கின் உள்ளே ஒரு சிறிய ஸ்பிரிங் தகடு இருக்கிறது. பிளக் இல்லாதபோது சென்டையும் ரிட்டர்னையும் அதுதான் இணைக்கிறது. வருடக்கணக்கில் யாரும் எதையும் செருகாவிட்டால் அந்தத் தகடு கறுத்துவிடும். இறந்ததாகச் சொல்லப்படும் சேனல்களில் ஒரு நல்ல பங்கு இதனாலேயே இறந்தவை. மறுபுறம், டெஸ்க்கை லேசாகத் தட்டும்போது பல ஸ்ட்ரிப்புகள் ஒன்றாக வந்து போனால் அது ரிப்பன் கேபிள் கனெக்டர்.

இரைச்சல் பற்றியும் ஒன்று. வர்ச்சுவல் எர்த் மிக்ஸ் பஸ்ஸில் (ஒவ்வொரு சேனலும் ஒரு ரெசிஸ்டர் வழியாக ஒரே சம்மிங் ஆம்பில் கூடும் அமைப்பு) எத்தனை சேனல் பஸ்ஸோடு இணைந்திருக்கிறதோ அதற்கேற்ப சம்மிங் ஆம்பின் சொந்த இரைச்சல் பெருகும். பல டெஸ்க்குகளில் ஃபேடரை இறக்கினாலும் அந்த ரெசிஸ்டர் பஸ்ஸில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். பயன்படுத்தாத சேனல்களின் பஸ் அசைன் பட்டனை விடுவித்து வையுங்கள். அசைனை எடுத்ததும் ரெசிஸ்டரைப் பஸ்ஸிலிருந்து துண்டிக்கும் டெஸ்க்குகளில் வித்தியாசம் கேட்கும். 15 சேனல் தேவைக்கு 24 இன்லைன் என்றால், அதில் மானிட்டர் வழியையும் சேர்த்து 48 இன்புட் இருக்கும். தேவையற்ற இரைச்சலும் சூடும்தான் மிச்சம்.

---

சதுரஅலை:

அருமை, ரெண்டு பேருக்கும் நன்றி. பெரிய டெஸ்க் ஆசை பாதி இறங்கிடுச்சு. இன்னும் மூணு சந்தேகம்.

மாடுலரை எந்த மிக்ஸர்ல செருகினாலும் கெயினை முழுசா குறைச்சும் சிவப்பு எரியுதுன்னு பல பேர் சொல்றாங்க. ஏன்?

டைரக்ட் அவுட் ப்ரீ-ஆ, போஸ்ட்-ஆ, எது வேணும்?

டிஜிட்டல் சிந்தை யூஎஸ்பில கம்ப்யூட்டரோட இணைச்சா மெல்லிசா ஒரு விசில் சத்தம் வருது. மிக்ஸர் மாத்தினா போயிடுமா?

---

பூஜ்யம்_டிபி:

கடைசிக் கேள்வியில இருந்து வர்றேன். போகாது. அது மிக்ஸர் பிரச்சினையே இல்ல. யூஎஸ்பி கேபிளோட கிரவுண்ட், ஆடியோ கேபிளோட ஷீல்ட், ரெண்டும் சேர்ந்து கம்ப்யூட்டர், சிந்த், டெஸ்க்னு ஒரு வளையம் ஆயிடுது. யூஎஸ்பி ஃப்ரேம் 1 மில்லிசெகண்டுக்கு ஒண்ணு, அதனால 1 கிலோஹெர்ட்ஸ்லயும், ஹை-ஸ்பீட்னா 125 மைக்ரோசெகண்ட், அதனால 8 கிலோஹெர்ட்ஸ்லயும் விசில் வரும். யூஎஸ்பியைப் பிடுங்கிப் பாருங்க. உடனே நின்னா இதுதான்.

தீர்வு மூணு இருக்கு. கம்ப்யூட்டரோட யூஎஸ்பிக்குப் பதிலா அஞ்சு பின் மிடி. அது ஆப்டோகப்ளர் வழியாப் போறதால கிரவுண்ட் சேராது. அது முடியலன்னா ஆடியோ வழியில 1:1 லைன் ட்ரான்ஸ்ஃபார்மர். அதுவும் வேணாம்னா கேபிளை மாத்திப் பண்ணலாம்: ரெண்டு கோர் ஷீல்டட் கேபிள் எடுத்து, டெஸ்க் பக்கம் டிஆர்எஸ் பிளக்ல (டிப், ரிங், ஸ்லீவ்னு மூணு தொடர்பு உள்ளது) ஹாட்டை (ஒரு கோர்) டிப்ல, கோல்டை (இன்னொரு கோர்) ரிங்ல, ஷீல்டை ஸ்லீவ்ல சால்டர் பண்ணுங்க. சிந்த் பக்கம் சாதாரண மோனோ பிளக்ல ஹாட் டிப்ல, கோல்ட் ஸ்லீவ்ல. ஷீல்டை அந்தப் பக்கம் எதுலயும் சேர்க்காம வெட்டி, ஹீட்ஷ்ரிங்க் போட்டு விட்டுடுங்க. டெஸ்க்கோட இன்புட் பேலன்ஸ்டா (ரெண்டு கோருக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்கறது) இருந்தா மட்டும்தான் இது வேலை செய்யும். மெயின்ஸ் பிளக்ல எர்த் பின்னை வெட்டறது மட்டும் வேணாம். ஹம் போகும், கூடவே உங்க பாதுகாப்பும் போகும்.

மாடுலர். கணக்கு போட்டாப் புரிஞ்சிடும். லைன் லெவல் +4 டிபியு-ன்னா 1.23 வோல்ட் ஆர்எம்எஸ். வீட்டு உபயோகக் கருவிங்களோட −10 டிபிவி 0.316 வோல்ட், ரெண்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 12 டிபி. யூரோராக் ஆடியோ ±5 வோல்ட் ஆடும்; சைன்னு வெச்சா 3.5 வோல்ட் ஆர்எம்எஸ், அதாவது +13 டிபியு. சதுர அலைன்னா (உங்க பேரே அதுதானே) இன்னும் 3 டிபி கூட. நிறைய டெஸ்க்ல லைன் இன்புட்ங்கறது 20 டிபி பேட் (லெவலைக் குறைக்கற சுற்று) போட்டு மைக் ப்ரீயாம்ப்க்குள்ளயே போறதுதான். கெயின் கீழ் எல்லை −10 வரைக்கும் இறங்கற டெஸ்க்னா பிழைச்சோம். 0-வுக்கு மேலதான் ஆரம்பிக்குதுன்னா மாடுலர்ல ஒரு அவுட்புட் மாட்யூல் வேணும், இல்லன்னா 10-லிருந்து 15 டிபி குறைக்கற பேட் கேபிள். வாங்கறப்ப ஸ்பெக்ல லைன் இன்புட்டோட அதிகபட்ச லெவலைப் பாருங்க, +20 டிபியு-க்கு மேல இருந்தா கவலை இல்ல.

டைரக்ட் அவுட் விஷயத்துல கம்பிச்சுருள் சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். போஸ்ட்-ஃபேடர்னா நீங்க கையால பண்ற மிக்ஸ் ட்ராக்லயும் பதியும், ம்யூட்டும் பதியும். ப்ரீ-னா ஒலி சுத்தமா முழு லெவல்ல பதியும், ஆனா கை வேலை எதுவும் வராது. ஜாம் பண்ணி அதையே பாட்டாக்கற ஆளுன்னா போஸ்ட். பின்னாடி உட்கார்ந்து மறுபடி மிக்ஸ் பண்ணுவீங்கன்னா ப்ரீ. ஆனா ரெண்டுலயும் ஒண்ணு நடக்காது: டைரக்ட் அவுட் எடுக்கறது பஸ்ஸுக்கு முன்னாடி. எல்லா ட்ராக்கையும் அதுல எடுத்துக் கம்ப்யூட்டர்ல கூட்டினா, டெஸ்க்கோட மிக்ஸ் பஸ்ஸை அந்தப் பாட்டு தொடவே இல்ல. "அனலாக் சம்மிங்குக்காக வாங்கினேன்"னு சொல்ற பலர் இதை கவனிக்கறதே இல்ல. அதனால 14 டைரக்ட் அவுட்டோட மாஸ்டர் இடது வலதையும் சேர்த்து 16 ட்ராக்கா எடுங்க. ஏடாட்ல 8 சேனல் 48 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான், 96-க்குப் போனா 4 ஆயிடும், அதையும் மனசுல வெச்சுக்கங்க.

யூஎஸ்பி மல்டிட்ராக் மிக்ஸர்ல சிக்னேச்சர் 22 எம்டிகே 24 இன்/22 அவுட், மாடல் 24-ம் அதே அளவு ட்ராக். வயரிங் வேலையே இல்லாம ஒரே கேபிள்ல முடிஞ்சிடும், அது பெரிய சௌகரியம். ஆனா இந்த வகையில பொதுவா யூஎஸ்பிக்குப் போற புள்ளி ஈக்யூவுக்கும் ஃபேடருக்கும் முன்னாடி இருக்கும். நீங்க உருட்டின ஈக்யூவும் டப் சேட்டையும் தனி ட்ராக்ல வராது, மாஸ்டர் ஸ்டீரியோவுல மட்டும்தான். மேனுவல் கடைசிப் பக்கத்துல ப்ளாக் டயக்ராம் இருக்கும், வாங்கறதுக்கு முன்னாடி அதை விரலால தொட்டுக்கிட்டே போய்ப் பாருங்க. விளம்பரத்துல இது வராது.

லெவல் வைக்கற முறை: ஈக்யூ நடுவுல, ஆக்ஸ் எல்லாம் மூடி, ஃபேடர் 0-ல. சிந்தோட வால்யூமை முக்கால்வாசிக்கு மேல வைங்க. அங்க குறைச்சு டெஸ்க்ல ஏத்தினா இரைச்சல்தான் ஏறும். பிஎஃப்எல் (ஃபேடருக்கு முன்னாடி உள்ள ஒலியைக் கேட்க, அளக்க உதவற பட்டன்) அழுத்தி, பாட்டுலயே சத்தமான பகுதியை ஓட்டி, சராசரி 0-ஐத் தொடற மாதிரி கெயின் வைங்க. இதை 16 சேனல்லயும் பண்ணிட்டு மொத்தமா திறந்தா மாஸ்டர் சிவப்பாயிடும், ஏன்னா தொடர்பில்லாத 16 சிக்னல் கூடினா 12 டிபி ஏறும். அப்ப மாஸ்டரை இறக்காதீங்க. பஸ் அதுக்கு முன்னாடியே நிரம்பி இருக்கும். சேனல் ஃபேடர்களை இறக்குங்க.

இன்னொரு பொறி: டெஸ்க் +21, +22 டிபியு வரைக்கும் க்ளிப் ஆகாம கொடுக்கும். இன்டர்ஃபேஸ் +18-லயே முழு அளவைத் தொட்டா, டெஸ்க்ல பச்சை எரியும், ரெக்கார்டிங்ல உடைஞ்சிருக்கும். இன்டர்ஃபேஸோட மீட்டர்ல −18 பக்கம் வெச்சு ஓட்டுங்க.

---

கம்பிச்சுருள்:

மேக்கீ 1604 நல்ல நிலையில கிடைச்சா அதையும் தள்ளிடாதீங்க. டைரக்ட் அவுட் எட்டுதான். மீதியை நாலு சப்குரூப் பஸ்ல கூட்டி எடுக்கலாம், 12 ட்ராக் ஆச்சு. வேற எந்த டெஸ்க்லயாவது டைரக்ட் அவுட் இல்லாம இன்சர்ட் மட்டும் இருந்தா, டிஆர்எஸ் பிளக்ல டிப்பையும் ரிங்கையும் ஒண்ணா சேர்த்து அதுல ஹாட்டை சால்டர் பண்ணுங்க. சென்ட் ரிட்டர்னுக்கும் போகும், வெளியவும் வரும். பாதி செருகி முதல் க்ளிக்ல நிறுத்தற வழியும் உண்டு, ஆனா யாராவது கேபிளை இடிச்சா போச்சு. இன்சர்ட் பேலன்ஸ்டு இல்லங்கறதால கேபிளைச் சின்னதா வைங்க. பெரும்பாலும் ஈக்யூவுக்கு முன்னாடி இருக்கற புள்ளிங்கறதையும் மறக்க வேணாம்.

---

சதுரஅலை:

சரி, முடிவு: 16-க்கும் டைரக்ட் அவுட் உள்ள 16 சேனல் டெஸ்க். கிக் சேனல் 1-ல, டிலே 16-ல. டைரக்ட் அவுட் 1–14 இன்டர்ஃபேஸுக்கு, மாஸ்டர் 15, 16-க்கு. 15-வது சேனல்ல என்ன போடறது, அது தனியாப் பதியாதே?

---

பூஜ்யம்_டிபி:

மாடுலரை மோனோவாக்கிட்டா அந்தப் பிரச்சினையே இல்ல. ஸ்டீரியோவாவே வேணும்னா, எது தனியா ரெக்கார்ட் ஆகலன்னாலும் பரவால்லயோ அதை 15-ல போடுங்க. மாஸ்டர்ல எப்படியும் இருக்கும்.

---

ஈயப்புகை:

இரண்டு பட்டன்களை மட்டும் கவனியுங்கள். முதல் சேனலில் ஹை-பாஸ் அழுந்தியிருந்தால் 75 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிக்கின் அடிவயிறே போய்விடும்; கெயினையும் ஈக்யூவையும் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். இன்னொன்று 48 வோல்ட். பல டெஸ்க்குகளில் அது எல்லா எக்ஸ்எல்ஆருக்கும் ஒரே சுவிட்ச். சிந்துகளை எக்ஸ்எல்ஆரில் செருகாமல் லைன் ஜாக்கிலேயே வையுங்கள். மைக் இல்லாத ஸ்டூடியோ என்பதால் அந்த சுவிட்சின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடலாம்.